ஓவியனும் உத்தியோகமும்

‘ஓவியன்’ என்ற சொல்லைக் கேட்டதும் நம்மவர் மனக்கண்ணில் ஓர் உருவம் தோன்றுகிறது. எண்ணெய் காணாத தலை, வண்ணக்கறை படிந்த சட்டை, பசியால் ஒட்டிய வயிறு, உத்தியோகம் என்றாலே சுளிக்கும் முகம் – இவையே அவனுடைய அடையாளங்கள். கதைகளும் திரைப்படங்களும் நமக்கு அளித்த உருவம் இது. இன்னோர் உருவமும் உண்டு. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குப் பூவும் வாழைப்பழமும் வரையக் கற்றுக்கொடுத்து, மாத முடிவில் சம்பளம் வாங்கிக்கொண்டு வீடு திரும்பும் ‘டிராயிங் மாஸ்டர்’ அவர். முன்னவனைக் கண்டு ஊர் வியக்கிறது. பின்னவரை ஊர் பொறுத்துக்கொள்கிறது. முன்னவன் கலைஞன் என்றும், பின்னவர் கலைஞனாக முடியாமற் போனவர் என்றும் தீர்ப்பு எழுதிவிடுகிறது.

இத்தீர்ப்பு தவறானது. தவறானது மட்டும் அன்று. கலையார்வம் கொண்ட பல இளைஞர்களின் கையிலிருந்து தூரிகையைப் பறிப்பதும் இதுதான். ‘முழு நேரமும் கலைக்கே தர முடியாது; ஆகவே சிறிது நேரமும் தர வேண்டாம்’ என்று அவர்கள் முடிவு கட்டிவிடுகிறார்கள். நம் சங்கத்து நண்பர்களிடையேயும் இப்படி முடிவு கட்டியவர்களை நான் அறிவேன். பள்ளியில் பரிசு வாங்கியவர்கள், கல்லூரியில் கால் வைத்ததும் வண்ணப்பெட்டியைப் பரண்மேல் ஏற்றிவிட்டார்கள். அவர்களை எண்ணியே இக்கட்டுரையை எழுதத் துணிந்தேன்.

என்னைப் பற்றிச் சிறிது சொல்லாமல் இதைப் பேச முடியாது. நான் இயற்கைக் காட்சிகளை நீர்வண்ணத்தில் தீட்டுபவன். வாரத்தில் நான்கு நாள் ஒரு பள்ளியில் ஓவிய ஆசிரியன். மற்ற நாள்களில் நம் பல்கலைக்கழகத்தில் கலை வரலாற்றில் பகுதிநேர ஆய்வு மாணவன். வயதில் உங்களுள் பலருக்கு அண்ணன் ஆவேன். குடியிருப்பது விவேக் நகரில், மாடியில் ஓர் அறையில். ஒரே ஜன்னல், அதுவும் மேற்குப் பார்த்தது. வடக்குப் பார்த்த ஜன்னலே ஓவியனுக்கு உகந்தது என்று நூல்கள் கூறுகின்றன. வாடகை கூறுவது வேறு.

விவேக் நகரை அறியாதவர்க்கு ஒரு சொல். ஆஸ்டின் டவுனுக்கும் ஈஜிபுராவுக்கும் இடையே, நெருக்கமான தெருக்களைக் கொண்ட பகுதி இது. தமிழ், கன்னடம், தெலுங்கு, உருது ஆகிய நான்கும் ஒரே மளிகைக் கடையில் ஒலிக்கும். வியாழக்கிழமைகளில் குழந்தை இயேசு ஆலயத்திற்கு நகரத்தின் எல்லா மூலைகளிலிருந்தும் மக்கள் திரண்டு வருவார்கள். மெழுகுவத்தியும் மாலையும் விற்பவர்கள் நடைபாதையை நிறைத்துவிடுவார்கள். அன்று தெருவில் உட்கார்ந்து படம் தீட்ட எண்ணுவது வீண். மற்ற நாள்களில் விடியற்காலை 5 மணிக்கு எழுந்தால், 8 மணிக்குப் பள்ளிக்குப் புறப்படும்வரை என் நேரம் என்னுடையது. அந்த மூன்று மணி நேரமே என் ஓவிய வாழ்வு.

‘மூன்று மணி நேரத்தில் என்ன கலை?’ என்று நீங்கள் கேட்கலாம். வெளியில் உட்கார்ந்து காட்சி தீட்டுபவனுக்கு அதற்குமேல் தேவையும் இல்லை. கதிரவன் நகர்கிறான், மரத்தின் நிழல் அவனோடு நகர்கிறது. முதலில் கோடிட்ட நிழல், இரண்டு மணி நேரத்தில் வேறிடத்தில் விழுந்து கிடக்கும். அதற்குள் முடிக்காத படம் இரண்டு பொழுதுகளின் கலப்படமாகிவிடும். நீர்வண்ணமோ இன்னும் கண்டிப்பானது. தாள் ஈரமாக இருக்கும்போதே வானத்தைப் பூசியாக வேண்டும். வெண்மைக்குத் தனி வண்ணம் இல்லை. வெள்ளை வேண்டிய இடத்தில் தாளையே விட்டுவைக்க வேண்டும். எங்கே தொடக்கூடாது என்பதைத் தூரிகை எடுக்குமுன்பே முடிவு செய்ய வேண்டும். இத்தகைய கலைக்கு நாள் முழுதும் ஓய்வு வேண்டுவதில்லை. நாள்தோறும் தவறாத சில மணி நேரமும், அந்நேரத்தில் தெளிந்த மனமும் வேண்டும்.

இனி, கற்பித்தலும் கலையும் பகைகள்தாமா என்று வரலாற்றைக் கேட்போம்.

ஆங்கில நாட்டின் இயற்கைக் காட்சி ஓவியர்களுள் தலைசிறந்தவர் டர்னர். கடலையும் புயலையும் அவரைப்போல் தீட்டியவர் அரியர். அவர் 1807 முதல் 1837 வரை, முப்பது ஆண்டுகள், லண்டன் ராயல் அகாதமியில் தொலைத்தோற்றவியல் பேராசிரியர் பதவியை வகித்தார். வங்கத்தின் வினோத் பிகாரி முகர்ஜி சாந்திநிகேதனத்தில் ஆசிரியராக இருந்துகொண்டே பீர்பூம் நிலத்தின் செம்மண்ணையும் பனைகளையும் தீட்டினார். பிறவியிலேயே பார்வைக் குறை உடையவர் அவர். பார்வையை அடியோடு இழந்த பிறகும் கற்பிப்பதை விட்டாரில்லை.

நம் சென்னைக்கு வருவோம். ஓவியக் கல்லூரியின் தலைமையை 1929-இல் ஏற்ற தேவிபிரசாத் ராய் சௌதுரி, கல்லூரி நிர்வாகத்தையும் தம் சிற்பப் பணியையும் ஒருங்கே நடத்தியவர். மெரீனா கடற்கரையில் 1959-இல் நிறுவப்பெற்ற ‘உழைப்பாளர் சிலை’ அவர் கைவண்ணம். அவரிடம் பயின்றவர் கே. சி. எஸ். பணிக்கர். 1911-இல் கோயம்புத்தூரில் பிறந்த பணிக்கர், இளமையில் இயற்கைக் காட்சிகளையே தீட்டினார். தந்தையை இழந்ததால் படிப்பை நிறுத்தி, தந்தி இலாகாவிலும் பிறகு காப்பீட்டுத் துறையிலும் வேலை பார்த்தார். 25 வயதில்தான் ஓவியக் கல்லூரி மாணவராகச் சேர்ந்தார். பயின்ற கல்லூரியிலேயே ஆசிரியரானார், 1957-இல் தலைவருமானார். உத்தியோகம், படிப்பு, கற்பித்தல், ஓவியம் ஆகிய நான்கையும் கடந்து வந்தவர் அவர். எதுவும் அவர் கையைக் கட்டிப்போடவில்லை.

‘அவரே சோழமண்டலத்தை அமைத்தாரே! உத்தியோகம் கலையைக் கொல்லும் என்பதால்தானே?’ என்று சிலர் வாதிடுவர். கேள்வி நியாயமானது. கல்லூரியில் ஒளி வீசிய மாணவர்கள், வெளியே சென்றதும் பிழைப்புக்காக ஓவியத்தைக் கைவிடுவதைக் கண்டு வருந்தினார் பணிக்கர். அதன் விளைவே 1966-இல் சென்னைக்குத் தெற்கே இஞ்சம்பாக்கத்தில் எழுந்த சோழமண்டல ஓவியர் கிராமம். ஆயினும் அங்கே வாழ்ந்தவர்கள் வேலை செய்யாமல் வாழ்ந்தார்களா? இல்லை. பாட்டிக் துணி செய்தார்கள். உலோக வேலை செய்தார்கள். தோலிலும் மண்ணிலும் கைவினைப் பொருள்கள் செய்து விற்றார்கள். கைத்தொழில் வயிற்றைப் பார்த்துக்கொண்டது. ஆகவே ஓவியம் வாங்குவோரின் விருப்பத்திற்கு வளைய வேண்டியிருக்கவில்லை. சோழமண்டலம் உணர்த்தும் பாடம் ‘வேலையை விடு’ என்பதன்று. ‘வேலையை ஓவியத்திற்குத் துணையாக அமைத்துக்கொள்’ என்பதே.

நாம் வாழும் இந்நகரிலும் சான்றுகள் உள. மைசூர் அரசவை ஓவியர் வெங்கடப்பா, 1886-இல் பிறந்தவர். கல்கத்தாவில் அவனீந்திரநாத தாகூரிடம் பயின்று திரும்பிய பின்னும், வீணை சேஷண்ணாவிடம் மாணவராக அமர்ந்து வீணை கற்றார். உதகை, கொடைக்கானல் மலைகளை அவர் நீர்வண்ணத்தில் தீட்டிய படங்களைப் பார்த்தவர், மூடுபனி எவ்வளவு எடையற்றது என்பதை அறிவர். ருமாலே சென்னபசவையா விடுதலைப் போராட்ட வீரர். ‘தாய்நாடு’ இதழின் ஆசிரியர். சட்ட மேலவை உறுப்பினர். பொதுவாழ்வின் இரைச்சலைக் கடந்து வந்து, பெங்களூரின் பூமரங்களை ஒன்றன்பின் ஒன்றாகத் தீட்டிக் குவித்தார். 1988-இல் அவர் மறைந்தார். அவர் தீட்டிய மலர்ச்சாலைகளை அதே செழிப்போடு காண வேண்டுமானால் இன்று அவர் படங்களிடம்தான் போக வேண்டும்.

மதுரை மனோகர் தேவதாஸை நீங்கள் அறிந்திருப்பீர்கள். பேட்டரித் தொழிற்சாலையில் வேலை பார்த்துக்கொண்டே மதுரையின் கோபுரங்களையும் தெருக்களையும் மைக்கோடுகளால் வரைந்தவர். விழித்திரை நோய் பார்வையைச் சிறிது சிறிதாகப் பறித்தபோதும் வரைவதை நிறுத்தவில்லை. 2020-இல் பத்மஸ்ரீ பெற்று, 2022-இல் மறைந்தார். அவரை ‘அரை ஓவியர்’ என்று எவரேனும் சொல்வாரா?

பெரியோர் கதை இருக்கட்டும். சிறியவனாகிய எனக்குக் கற்பித்தல் என்ன தந்தது என்பதையும் சொல்ல வேண்டும்.

ஏழாம் வகுப்பில் ஒரு சிறுமி கேட்டாள்: “சார், வானம் மேலே நீலமா இருக்கு, கீழே வர வர ஏன் வெளுத்துப் போகுது?” பல ஆண்டுகளாக நான் வானத்தை அப்படித்தான் தீட்டி வந்தேன், மேலே அடர்த்தி, அடியில் வெளிர். ஆசான் காட்டிய வழக்கம் அது. அவளுக்கு விடை சொல்வதற்காக நூலகத்திற்குச் சென்றேன். தலைக்கு மேலுள்ள வானத்தைக் காட்டிலும் தொடுவானத்தை நோக்கும்போது நம் பார்வை மிகுதியான காற்றைக் கடக்கிறது. அத்தனை காற்றில் ஒளி பலமுறை சிதறி வெண்மை கலந்துவிடுகிறது. தொலைவிலுள்ள மரங்கள் நீலம் பாய்ந்து தோன்றுவதற்கும் இடையிலுள்ள காற்றே காரணம். இதை அறிந்தபின், நான் வானத்தையும் தொலைவையும் தனித்தனியாகத் தீட்டுவதை விட்டேன். இரண்டும் ஒரே காற்றின் வேலை என்று தெரிந்துவிட்டது. ‘என் படங்களில் தூரம் கூடியிருக்கிறது’ என்று நண்பர்கள் சொல்கிறார்கள். அந்தத் தூரம் அச்சிறுமி தந்த கொடை.

அதேபோல் ‘கறுப்பு வண்ணம் வாங்க காசு இல்லை’ என்ற மாணவனுக்காகவே, அல்ட்ராமரீன் நீலத்தையும் பர்ன்ட் சியென்னா என்ற செம்பழுப்பையும் கலந்து எத்தனை சாம்பல் நிறங்கள் பிறக்கின்றன என்பதை வரிசையாகப் பூசிக் காட்டினேன். நீலம் மிகுந்தால் மழைமேகம். பழுப்பு மிகுந்தால் நனைந்த மண். இரண்டும் அடர்ந்து சமமானால் இருள். வகுப்புக்காகச் செய்த அந்த அட்டை இன்று என் பெட்டியில் இருக்கிறது. ஆடி மாத வானத்தைத் தீட்டப் போகும்போது நானே அதை எடுத்துப் பார்த்துக்கொள்கிறேன்.

படிப்பு தந்ததும் குறைவன்று. டர்னர் காலத்தவரான கான்ஸ்டபிள், 1821, 1822 ஆகிய ஆண்டுகளில் லண்டனை அடுத்த ஹாம்ப்ஸ்டெட்டில் மேகங்களை மட்டும் எத்தனையோ படங்களாகத் தீட்டினார். அவற்றுள் பலவற்றின் பின்புறத்தில் நாள், நேரம், காற்று வீசிய திசை ஆகியவற்றைக் குறித்து வைத்தார். இதைப் படித்த அன்றே என் நினைவுக்கு வந்தது தொல்காப்பியம். நிலமும் பொழுதும் ‘முதற்பொருள்’ என்று அந்நூல் வகுத்தது. மற்ற எல்லாம் அவற்றின் மேல் எழுவன. குறிஞ்சிக்கு யாமம், முல்லைக்கு மாலை, மருதத்திற்கு விடியல், பாலைக்கு நண்பகல் என்று ஒவ்வொரு நிலத்திற்கும் ஒரு பொழுதை உரித்தாக்கிய மரபு நம்முடையது. பொழுது இல்லாமல் நிலம் இல்லை என்பதை ஐரோப்பிய ஓவியன் மேகத்தைப் பார்த்துக் கண்டுகொண்டான்; தமிழ்ப் புலவனோ இலக்கணமாகவே எழுதி வைத்தான். அன்றுமுதல் என் ஒவ்வொரு தாளின் பின்புறத்திலும் இடம், நாள், மணி, காற்று, மரத்தின் பெயர் ஐந்தையும் எழுதுகிறேன்.

இப்பழக்கத்தின் பயனைப் பெங்களூரில் வாழ்பவன் விரைவில் உணர்வான். நாம் ‘மெஜஸ்டிக்’ என்று சொல்லும் பேருந்து நிலையம், முன்பு தர்மாம்புதி ஏரியாக இருந்த இடம். கண்டீரவா விளையாட்டரங்கம் சம்பங்கி ஏரியின் மேல் நிற்கிறது. தாமஸ் டேனியலும் அவர் சகோதரர் மகன் வில்லியமும் 1792-இல் தென்னகம் வந்து, இவ்வட்டாரத்தையும் நம் தமிழ்நாட்டுக் கோயில்களையும் மலைகளையும் தீட்டிச் சென்றனர். அவர்கள் வெளியிட்ட 144 அச்சோவியங்கள் இன்றும் வரலாற்று மாணவர்க்குச் சான்றாகப் பயன்படுகின்றன. ஜெர்மானியத் தோட்டக்கலை வல்லுநர் கிரும்பிகல் 1908-இல் இந்நகருக்கு வந்தார். ஒரு மரம் பூத்து ஓய்கையில் இன்னொரு மரம் பூக்கத் தொடங்குமாறு சாலைகளில் மரம் வைத்தார். அந்த வரிசையில் எந்தச் சாலையில் எந்த மரம் விடுபட்டது என்று யார் குறித்து வைத்திருக்கிறார்கள்?

ஒருநாள் ஆலயத்திற்கு அருகே ஒரு மழைமரத்தை வரைந்துகொண்டிருந்தேன். மெழுகுவத்தி விற்கும் மூதாட்டி ஒருவர் வெகுநேரம் என்னையும் மரத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “ஏம்ப்பா, கார்ப்பரேஷன்லேர்ந்து வந்திருக்கியா? இதையும் வெட்டப் போறாங்களா?”

“இல்லம்மா, சும்மா படம் வரையறேன்.”

“வரைஞ்சா வெட்டாம இருப்பாங்களா?”

அக்கேள்விக்கு நேரான விடை என்னிடம் இல்லை. படம் கோடரியைத் தடுக்காது. ஆனால் அந்த அம்மையாரின் முதல் கேள்வியை எண்ணிப் பாருங்கள். ஒருவன் மரத்தை உற்றுப் பார்த்தால், அவன் அதை வெட்ட வந்தவனாகவே இருக்க வேண்டும் என்று அவர் நினைக்கும்படி நம் நகரம் ஆகிவிட்டது! வெட்டும் நோக்கமின்றி மரத்தைப் பார்ப்பவர்கள் சிலராவது இருக்க வேண்டாமா? அப்படிப் பார்க்கக் கற்ற பிள்ளைகள் நாற்பது பேர் ஒரு வகுப்பில் இருந்தால், அந்தத் தெருவின் மரத்திற்கு நாற்பது சாட்சிகள் இருக்கிறார்கள் என்று பொருள். என் படம் செய்ய முடியாததை என் வகுப்பு செய்யக்கூடும். ஓவியன் ஆசிரியனாகவும் இருக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்கு இதுவே முதற் காரணம்.

இவ்வளவும் சொன்னதால் என் வாழ்க்கை தென்றலும் நிலவுமாய்ச் செல்வதாக எவரும் கருத வேண்டாம். நல்ல பருத்தித் தாளின் விலை, ஒரு தாளுக்கு ஒருவேளைச் சாப்பாடு என்ற கணக்கில் இருக்கிறது. ஆண்டுதோறும் ஜனவரியில் சித்ரகலா பரிஷத்தைச் சுற்றி நடைபெறும் ‘சித்திரச் சந்தை’யில் குமாரகிருபா சாலையோரம் கடை விரிப்பேன். “சோபா நிறத்துக்குப் பொருத்தமா இதே படம் பச்சையில கிடைக்குமா?” என்று கேட்பவரும் உண்டு, பேசாமல் நின்று பார்த்து, சிறிய படம் ஒன்றை வாங்கிச் செல்லும் கல்லூரி மாணவியும் உண்டு. பாதிப் படங்கள் என்னோடு விவேக் நகருக்கே திரும்பி வரும்.

இன்னொன்றும் சொல்வேன். வடிவமைப்புக் கல்லூரிகளின் நுழைவுத் தேர்வுக்குப் பயிற்சி தரும் நிலையம் ஒன்று என்னை அழைத்தது. தினமும் காலை 6 முதல் 8 வரை வகுப்பு. பள்ளிச் சம்பளத்தைவிடப் பெரிய தொகை. என் தந்தை தொலைபேசியில், “அந்த ரெண்டு மணி நேரம் நீ என்ன சம்பாதிக்கிறே?” என்று கேட்டார். கணக்குப்படி அவர் கேட்டது சரி. அந்த இரண்டு மணி நேரத்தில் நான் சம்பாதிப்பது ஒன்றுமில்லை. செலவழிப்பது தாளும் வண்ணமும். ஆயினும் மறுத்துவிட்டேன். கற்பிப்பதை நான் வெறுத்தால் அல்லவா பள்ளி வேலையையும் விட்டிருப்பேன்? காலைப் பொழுதை விற்றுவிட்டால், பிள்ளைகளுக்குக் கற்பிக்க என்னிடம் பழைய பாடமே மிஞ்சும். ஒவ்வொரு மாதமும் 5-ஆம் தேதி வீட்டுக்காரர் வாடகைக்கு வரும்போது இம்முடிவை மறுபடியும் எடுக்க வேண்டியிருக்கிறது. அடுத்த ஆண்டு வாடகை உயரும் என்று சொல்லிவிட்டார். அப்போதும் இதே முடிவை எடுக்க வல்லவனாக இருக்க வேண்டும் என்பதே என் விருப்பம்.

ஆகவே, உத்தியோகம் ஓவியனுக்குப் பகையன்று என்று நான் கூறும்போது, எந்த உத்தியோகமும் எந்த ஊதியத்திலும் போதும் என்று கூறவில்லை. அது வேறு பேச்சு. தமிழ்நாட்டில் 2012-இல் அரசுப் பள்ளிகளில் ஓவியம், தையல், இசை, உடற்கல்வி, கணினி முதலியவற்றைக் கற்பிக்க 16,549 பகுதிநேர ஆசிரியர்கள் நியமிக்கப்பட்டார்கள். வாரத்தில் மூன்று அரைநாள் வேலை. மாத ஊதியம் 5,000 ரூபாய். ஊதியம் பின்னர் சிறிது சிறிதாக உயர்ந்தது. நிரந்தரப் பணி கேட்டு அவர்கள் ஆண்டுக்கணக்கில் தெருவில் அமர்ந்து போராடினார்கள். அரைநாள் வேலைக்கு அரைவயிற்றுச் சம்பளம் தந்துவிட்டு, ‘டிராயிங் மாஸ்டரிடம் கலை இல்லை’ என்று பேசுவது எந்த நியாயம்?

ஊதியத்தைப்போலவே பாடவேளையும் பறிபோகிறது. 2005-ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பு, பத்தாம் வகுப்புவரை கலை கட்டாயப் பாடமாக இருக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. 2020-ஆம் ஆண்டின் கல்விக் கொள்கையும் கலைக்கும் அறிவியலுக்கும் இடையே சுவர் வேண்டாம் என்கிறது. தாளில் எல்லாம் நன்றாகவே இருக்கிறது. நடைமுறையிலோ, தேர்வு நெருங்கினால் முதலில் ‘கடன்’ வாங்கப்படுவது ஓவிய வகுப்பு. நான் கற்பிக்கும் இடத்தில் சென்ற ஆண்டு டிசம்பர் முதல் ஒன்பதாம் வகுப்பின் ஓவிய வேளை கணக்குக்குப் போனது. கணக்கின்மேல் எனக்குப் பகை இல்லை. தொலைத்தோற்றம் என்பதே கணக்குத்தான்! ஆனால் வாங்கிய கடன் திரும்பி வந்ததே இல்லை. வரும் ஆண்டு ஒன்பதிலும் பத்திலும் ஓவியமே வேண்டாம் என்ற பேச்சு அடிபடுகிறது. அது நடந்தால் என் நான்கு நாள் வேலை இரண்டு நாளாகும். என் இழப்பு சிறிது. பதினான்கு வயதில், உலகை உற்றுப் பார்க்க வேண்டிய வயதில், பார்க்கும் பயிற்சியையே பிள்ளைகள் இழப்பார்களே, அதுவே பெரிது.

மாணவ நண்பர்களே! இதில் உங்களுக்கு என்ன என்று எண்ணாதீர்கள். நாளை உங்களுள் சிலர் ஆசிரியர்கள் ஆவீர்கள், சிலர் தலைமையாசிரியர்கள், அதிகாரிகள், பெரும்பாலோர் பெற்றோர்கள். ஓவிய வேளையைக் கடன் கேட்பவர்களாகவோ, கொடுக்காமல் காப்பவர்களாகவோ நீங்கள்தாம் இருக்கப் போகிறீர்கள். காப்பவர்களாக இருங்கள் என்பதே என் முதல் வேண்டுகோள்.

இரண்டாவது, கையில் ஏதேனும் ஒரு கலை உள்ளவர்க்கு. பாட்டாயினும், கூத்தாயினும், கவிதையாயினும், ஓவியமாயினும், ‘படிப்பு முடியட்டும், வேலை கிடைக்கட்டும், பிறகு பார்க்கலாம்’ என்று தள்ளிப்போடாதீர்கள். படிப்பு முடியும், வேலையும் கிடைக்கும், அதன்பின் திருமணம் வரும், வீட்டுக்கடன் வரும். ஓய்வு மட்டும் தானாக வராது. இன்றே ஒரு மணி நேரத்தை ஒதுக்குங்கள். எவரேனும் கேட்டால், ‘அந்நேரத்தில் எனக்கு வேலை இருக்கிறது’ என்றே சொல்லுங்கள். அது வேலைதான்.

மூன்றாவது, நம் சங்கத்திற்கு. நம் விழாக்களில் சிறப்பு விருந்தினர்க்குப் பொன்னாடை போர்த்துகிறோம். பளபளக்கும் நினைவுக் கேடயம் தருகிறோம். பொன்னாடை பெட்டிக்குள் போகிறது. கேடயம் அலமாரியில் தூசு சேர்க்கிறது. அதற்குப் பதிலாக நம் மாணவர் ஒருவர் தீட்டிய படத்தைச் சட்டமிட்டு அளிப்போமே! அந்த மாணவர்க்கு உரிய விலையையும் சங்கமே கொடுக்கட்டும். இலவசமாகக் கேட்கக் கூடாது. தன் உழைப்புக்கு முதன்முதலாக விலை பெறும் நாளை எந்தக் கலைஞனும் மறக்க மாட்டான். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியலில், வளாகத்தின் மரங்களையோ, அல்சூர் ஏரிக்கரையையோ, லால்பாக்கின் பாறையையோ வரையச் செல்வோம். வரையத் தெரியாது என்பவரும் வரலாம். பென்சிலும் தாளும் நான் கொண்டு வருகிறேன். ஒரே ஒரு கட்டளைதான்: தாளின் பின்புறத்தில் இடமும் நாளும் மணியும் எழுத வேண்டும்.

சித்தன்னவாசல் குகையின் விதானத்தில் தாமரைக் குளம் ஒன்று தீட்டப்பட்டிருக்கிறது. மீன்களும் யானைகளும் பறவைகளும் பூப்பறிக்கும் மனிதரும் அதில் உள்ளனர். ஆயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட அக்குளத்தைத் தீட்டியவன் வேறு என்ன தொழில் செய்தான், யாருக்குக் கற்பித்தான், யாரிடம் கற்றான் என்பதை எவரும் கேட்பதில்லை. குளத்தை அவன் நன்றாகப் பார்த்திருக்கிறான். அது நமக்குத் தெரிகிறது. உத்தியோகம் பார்க்கும் ஓவியனை எடைபோட விரும்புவோர் அவன் சம்பளச் சீட்டைப் பார்க்க வேண்டாம். அவன் எதைப் பார்த்திருக்கிறான், எத்தனை பேருக்குப் பார்க்கக் கற்றுக்கொடுத்திருக்கிறான் என்று பார்க்கட்டும்.

பரண்மேல் இருக்கும் வண்ணப்பெட்டியை இறக்குங்கள். காய்ந்துபோன வண்ணங்கள் நீர் பட்டால் மீண்டும் கரையும்.